மாருதி 800: மாஸ்டர் சிலிண்டர் மாற்றியும் பிரேக் பெடல் பஞ்சு மாதிரியே அமுங்குகிறது

சேலம்_800

எல்லோருக்கும் வணக்கம். வண்டி 2004 மாருதி 800 ஏ.சி. மாடல். அப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் வாங்கியது. 71,000 கி.மீ. தான் ஓடியிருக்கிறது. நான் ஓட்டக் கற்றுக்கொண்டதும் இதில்தான். அப்பாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது, ஓட்டுவதை நிறுத்தி நாலு வருடம் ஆகிறது. ஆனால் ஆஸ்பத்திரிக்கோ கோயிலுக்கோ போவதென்றால் இந்த வண்டிதான் வேண்டும் என்பார். உயரமான வண்டிகளில் அவரால் காலைத் தூக்கி வைத்து ஏற முடியவில்லை, அதுவும் ஒரு காரணம். அதனால் இதை விற்கும் பேச்சே வீட்டில் கிடையாது.

போன மாதம் ஏற்காடு போயிருந்தோம். அடிவாரத்திலிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. இறங்கும்போது பாதிக்கு மேல் வந்த பிறகு, ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தேன். பெடல் மெத்தென்று கீழே போய்விட்டது. இரண்டாவது மிதியில் கொஞ்சம் பிடித்தது, மூன்றாவதில் நின்றது. பின்சீட்டில் அப்பாவும் என் மகளும் இருந்தார்கள். ஓரமாக நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். அப்புறம் பெடல் ஓரளவு திரும்பி வந்தது. இரண்டாவது கியரில், நடக்கிற வேகத்தில் இறக்கினேன்.

மறுநாளே ஒரு பட்டறையில் விட்டேன். மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுவது) புதிது போட்டார்கள். முன்சக்கர டிஸ்க்கைப் பிடிக்கிற காலிப்பர் இரண்டையும் கழற்றி கிட் (உள்ளே இருக்கும் ரப்பர்கள்) மாற்றினார்கள். பிரேக் ஆயில் முழுக்கப் புதிது. பில் 6,800 ரூபாய். வண்டியை எடுத்துத் தெருமுனை போவதற்குள் தெரிந்துவிட்டது, பெடல் முன்பைவிட மோசம். முதல் மிதி முக்கால் தூரம் போகிறது. உடனே இன்னொரு மிதி மிதித்தால் மேலே வருகிறது, ஆனால் அப்போதும் கெட்டியாக இல்லை, பஞ்சை அமுக்குகிற மாதிரி இருக்கிறது. திரும்பக் கொண்டுபோனேன். ஆயிலுக்குள் மாட்டிய காற்றை வெளியேற்ற இரண்டு முறை ஏர் எடுத்தார்கள். மாற்றமில்லை. கடைசியில் "பழைய வண்டி சார், இப்படித்தான் இருக்கும்" என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள். இருபது வருடமாக இப்படி இருந்ததில்லையே என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

தரையில் சொட்டு எதுவும் இல்லை. ஆயில் டப்பாவில் அளவு கொஞ்சம் இறங்கியிருக்கிறது. அடுத்த மாதம் எஃப்.சி. (தகுதிச் சான்று) வேறு. இன்னொரு மாஸ்டர் சிலிண்டர் வாங்க வேண்டுமா? வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஏதாவது வழி உண்டா? ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டு, ஸ்பேனர் செட் இருக்கிறது. ஸ்கூட்டர் வேலை ஓரளவு செய்வேன். கார் பிரேக்கைத் தொட்டதில்லை.

கோவை_அம்பாசடர்

நண்பரே, புது மாஸ்டர் சிலிண்டரே பழுதாக வருவது உண்டு. என் அம்பாசடரில் ஒருமுறை பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட சிலிண்டர் முதல் நாளே உள்ளுக்குள் விட்டுவிட்டது. கடைக்காரரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

அதற்கு முன் ஒரு வேலை. சக்கரங்களுக்குப் போகும் ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக வைஸ் கிரிப் (இறுக்கிப் பிடிக்கும் குறடு) போட்டுப் பிடித்துவிட்டு பெடலை மிதித்துப் பாருங்கள். எந்த ஹோஸைப் பிடித்ததும் பெடல் கெட்டியாகிறதோ அந்தச் சக்கரத்தில்தான் கோளாறு.

மதுரை_பட்டறை

தம்பி, முதலில் ஒன்று. இது சரியாகும் வரை வீட்டு ஆளை ஏற்றிக்கொண்டு ரோட்டுக்குப் போக வேண்டாம். மலைப் பக்கம் கூடவே கூடாது.

நான் 31 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். பிரேக் கீழே போகிறது என்று வண்டி வந்தால் பல இடங்களில் முதலில் மாஸ்டர் சிலிண்டரை மாற்றிவிடுகிறார்கள். போனட்டைத் திறந்ததும் கைக்கு எட்டுகிற இடத்தில் இருப்பது அதுதான். சக்கரத்தைக் கழற்றிக் குனிந்து பார்க்க வேண்டியதை யாரும் முதலில் பார்ப்பதில்லை. நீங்கள் இன்னொரு சிலிண்டருக்குக் காசு கொடுக்காதீர்கள். பெடலிடம் கேளுங்கள், அது சொல்லும்.

என்ஜினை நிறுத்திவிட்டு ஐந்தாறு தடவை மிதியுங்கள், பூஸ்டரில் (மிதிக்கும் பலத்தைக் கூட்டுவது) இருக்கிற வேக்குவம் காலியாகட்டும். அப்புறம் நடுத்தரமான அழுத்தத்தில் மிதித்து ஒரு நிமிடம் அப்படியே பிடியுங்கள். காலுக்கடியில் பெடல் மெதுவாக, லிஃப்ட் இறங்குகிற மாதிரி இறங்கிக்கொண்டே போனால் மாஸ்டர் சிலிண்டரின் உள் கப் (ரப்பர் அடைப்பு) விடுகிறது, இல்லை எங்கோ வெளியே கசிகிறது. இறங்காமல் நிற்கிறது, ஆனால் சைக்கிள் டியூபை அமுக்குகிற மாதிரி இருக்கிறது என்றால் உள்ளே காற்று இருக்கிறது, அல்லது ரப்பர் ஹோஸ் உப்புகிறது. முதல் மிதி கீழே போய், கையோடு கையாக மிதிக்கும் இரண்டாவது மிதி மேலே வந்தால் பின்சக்கர ஷூவை, அதாவது டிரம்முக்குள் விரிந்து அழுத்திப் பிடிக்கிற கட்டையை, சந்தேகப்படுங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். மாஸ்டர் சிலிண்டர் ஒரு மிதிக்கு இவ்வளவு ஆயில்தான் தள்ளும். ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாக இருந்தால் அந்த ஆயில் முழுவதும் ஷூவை டிரம் வரை நகர்த்துவதற்கே தீர்ந்துபோகும். ஸ்பிரிங் ஷூவைத் திரும்ப இழுப்பதற்குள் நீங்கள் இரண்டாவது தடவை மிதித்துவிட்டால், பாதி வழியில் நிற்கும் ஷூவை மிச்ச தூரம் தள்ளினால் போதும். அதனால் பெடல் மேலே வருகிறது.

இதை உறுதிப்படுத்த ஒரு பைசா செலவில்லாத சோதனை இருக்கிறது. ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்துப் போட்டுவிட்டு பெடலை மிதியுங்கள். ஹேண்ட் பிரேக் கேபிள் பின் ஷூவை ஏற்கெனவே டிரம்மில் ஒட்ட வைத்துவிடும். அப்போது பெடல் உயரமாக வந்தால் பின்னால்தான் கோளாறு, சந்தேகமே வேண்டாம்.

கோவை நண்பர் சொன்ன ஹோஸ் சோதனை சரியானதுதான். ஆனால் பல்லுள்ள வைஸ் கிரிப்பைப் பழைய ஹோஸில் போடாதீர்கள். வெளியே தெரியாமல் உள்ளே ரப்பர் கிழியும். கிழிந்த தோல் வால்வு மாதிரி அடைத்துக்கொண்டால் பிரேக் பிடித்தபின் விடாது. அதற்கென்றே உருண்டை வாயுள்ள கிளாம்ப் விற்கிறது. இருபது வருடத்து ஹோஸ் என்றால் அதைக்கூடப் போட வேண்டாம், மாற்றிவிடுவதே மேல்.

ஏற்காட்டில் நடந்தது வேறு கணக்கு. பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை மெல்ல மெல்ல இழுக்கும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி சூடு தாங்க வேண்டும் என்பது கணக்கு. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அதற்குரிய அளவு 140 டிகிரிதான். இறக்கத்தில் விடாமல் பிரேக்கில் கால் வைத்துக்கொண்டே வந்தால் காலிப்பர் அந்தச் சூட்டை எட்டிவிடும். உள்ளே ஆயில் கொதித்து ஆவியாகும், ஆவி அமுங்கும், பெடல் கீழே போகும். அரைமணி ஆறியதும் பெடல் திரும்பி வந்தது என்கிறீர்களே, அது இதற்குப் பொருந்துகிறது. பழைய ஆயில் என்ன நிறத்தில் இருந்தது? கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? ஹேண்ட் பிரேக் எத்தனை கிளிக்கில் நிற்கிறது? இந்த மூன்றையும் சொல்லுங்கள்.

சேலம்_800

அண்ணா, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு ரொம்ப நன்றி. இப்போதுதான் சோதித்துவிட்டு வருகிறேன்.

ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்தேன், பெடல் இறங்கவில்லை. ஆனால் கெட்டியாகவும் இல்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு மிதித்தேன். இரண்டு விரல் அளவுக்கு மேலே வந்துவிட்டது! மகளை ஸ்கேல் பிடிக்கச் சொல்லி அளந்தும் பார்த்தேன், கிட்டத்தட்ட மூன்றரை சென்டிமீட்டர் வித்தியாசம்.

பழைய ஆயில் மாற்றிய ஞாபகமே இல்லை. டப்பாவில் பார்த்தது நினைவிருக்கிறது, காபி டிகாக்‌ஷன் நிறம்.

ஹேண்ட் பிரேக் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது ஏழு கிளிக். ஆனால் போன வருடம் பத்து, பதினொன்று வரை போனது. அப்பாதான் முதலில் கவனித்தார். பக்கத்து சீட்டில் உட்கார்ந்தபடியே எண்ணுவார். "எனக்கு அஞ்சுலயே நின்னுடும், உனக்கு ஏன் இவ்வளவு போகுது" என்று கேட்டார். நான் வேறொரு இடத்தில் கொடுத்து கேபிளை இறுக்கி வாங்கினேன். அப்போது அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

மதுரை_பட்டறை

அப்பா சரியாகச் சொல்லியிருக்கிறார். ஷூ தேய்ந்து இடைவெளி கூடியதும் கிளிக் கூடுகிறது. ஷூ தேயத் தேய இடைவெளியைத் தானாகச் சரிசெய்கிற அட்ஜஸ்டர் உள்ளே வேலை செய்யாததற்கு அதுதான் முதல் அடையாளம். அப்போது டிரம்மைக் கழற்றிப் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பதில் கேபிளை இறுக்கியிருக்கிறார்கள். கேபிள் இறுகினால் உள்ளே லீவர் ஏற்கெனவே கொஞ்சம் இழுபட்ட நிலையிலேயே நிற்கும், அட்ஜஸ்டர் அடுத்த பல்லுக்கு நகர இடமே கிடைக்காது. கிளிக் குறைந்த மாதிரி தெரியும், பெடல் மட்டும் இறங்கிக்கொண்டே போகும்.

ஆகவே கேபிளை முதலில் நன்றாகத் தளர்த்திவிடுங்கள். அப்புறம் இரண்டு பின் டிரம்மையும் கழற்றுங்கள். வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டுக் கை விடக் கூடாது, ஸ்டாண்டு கட்டாயம். உள்ளே இருக்கிற கறுப்புத் தூசியை ஏர் போட்டு ஊத வேண்டாம், வாயாலும் ஊத வேண்டாம். பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியில் துடைத்து எடுங்கள்.

ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரின் இரண்டு முனையிலும் ரப்பர் மூடி இருக்கும். சின்ன ஸ்க்ரூ டிரைவரால் ஓரத்தை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் சரி. ஆயில் தேங்கியிருந்தால் அந்தச் சிலிண்டர் போய்விட்டது. ஒன்று போயிருந்தாலும் இரண்டு பக்கமும் மாற்றுங்கள், இரண்டுக்கும் ஒரே வயதுதான். ஆயில் பட்ட ஷூவைப் பெட்ரோலில் கழுவி உப்புத்தாளால் தேய்த்துத் திரும்பப் போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். சூடானதும் ஊறிய ஆயில் திரும்ப மேலே வரும்.

மைனர்1000_யாழ்

வணக்கம் தம்பி. யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் இருப்பது மொறிஸ் மைனர். நாலு பக்கமும் டிரம்தான், டிஸ்க் கிடையாது. உங்களுடைய காருக்கு இரண்டு வரிசைக் குழாய், ஒன்று போனாலும் மற்றது கொஞ்சமாவது பிடிக்கும். என்னுடையதில் ஒரே வரிசை. ஒரு கப் விட்டால் நாலு சக்கரமும் இல்லை. அதனால் இந்த விஷயத்தில் நான் மிகவும் கவனம்.

மதுரை ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். சிலிண்டர், கப், ரப்பர் மூடி எதையும் பெற்றோலாலோ டீசலாலோ மண்ணெண்ணெயாலோ கழுவ வேண்டாம். பிறேக் ஒயில் ரப்பரும் மண்ணெண்ணெய் வகையும் ஒருநாளும் ஒத்துப்போகாது. எனக்கு ஒருமுறை ஒரு கராச்சில் அழுக்கு அதிகம் என்று சொல்லி எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவிப் பூட்டினார்கள். மூன்றாம் நாள் கப் எல்லாம் ஊதி, பெடல் கல்லு மாதிரி ஆகி, சில்லு (சக்கரம்) சுழலவே இல்லை. மாஸ்டர் சிலிண்டர் என்னுடைய காரில் சாரதியின் காலடியில், தரைத் தகட்டுக்குக் கீழே இருக்கிறது. அதைக் கழற்றுவதற்கே ஒரு நாள் போனது. புது பிறேக் ஒயிலால் கழுவினால் போதும். பூட்டும்போதும் கப்பில் அதையே தடவுங்கள், கிரீஸ் தடவ வேண்டாம்.

மைனரில் ஷூ இடைவெளியைக் கையால்தான் சரிசெய்ய வேண்டும். சில்லைக் கழற்றினால் டிரம்மில் ஒரு ஓட்டை இருக்கும். அதற்குள்ளால் ஸ்க்ரூ டிரைவர் விட்டுத் திருப்ப வேண்டும், முன் சில்லுக்கு இரண்டு இடம், பின் சில்லுக்கு ஒன்று. சில மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்யாவிட்டால் எனக்கும் உங்களுடைய மாதிரித்தான், முதல் மிதி கீழே, இரண்டாவது மிதி மேலே. தானாகச் சரிசெய்யும் அட்ஜஸ்டர் இருக்கிற கார்களில் அது துருப்பிடித்து நின்றுவிட்டால் ஒருவருக்கும் தெரிவதில்லை.

சேலம்_800

ஐயா, அண்ணா, இரண்டு பேருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே வேலை. நடந்ததைச் சொல்கிறேன்.

கேபிளைத் தளர்த்தி, வலது டிரம் அரைமணியில் வந்தது. இடது பக்கம் மதியம் வரை வரவில்லை. டிரம்மின் உள் ஓரத்தில் தேயாத பகுதி ஒரு வரப்பு மாதிரி எழும்பி நின்று ஷூவில் மாட்டிக்கொண்டிருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிச் சுற்றி, மரக்கட்டை வைத்துத் தட்டி எடுத்தோம்.

உள்ளே பார்த்ததை அப்படியே எழுதுகிறேன். வலது பக்கம் உலர்ந்த கறுப்புத் தூசி, அவ்வளவுதான். இடது பக்கம் தூசி இல்லை, கண்மை மாதிரி பசையாக இருந்தது. விரலில் தொட்டால் வழுக்கியது. வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை அண்ணா சொன்ன மாதிரி ஸ்க்ரூ டிரைவரால் லேசாகத் தூக்கினேன். ஒரு நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் மூடியின் அடி ஓரத்தில் ஒரு துளி திரண்டு, தொங்கி, கீழே விழுந்தது. அடுத்த துளி. அடுத்தது. மூன்று மாதமோ ஆறு மாதமோ இப்படித்தான் வந்துகொண்டிருந்திருக்கிறது. வெளியே சொட்டாததற்குக் காரணம் டிரம்மும் ஷூவும் எல்லாவற்றையும் குடித்துக்கொண்டிருந்ததுதான். தரை காய்ந்திருக்கிறதே என்று நான் தைரியமாக இருந்தேன்.

அட்ஜஸ்டரைக் கையால் அசைத்துப் பார்த்தேன். இரண்டு பக்கமும் நகரவில்லை, துரு. எவ்வளவு காலமாக அப்படி இருந்ததோ. ஷூவில் இன்னும் லைனிங் இருந்தது, ஆனால் அது டிரம்மைத் தொட எவ்வளவு தூரம் போக வேண்டும் என்று பார்த்தபோது ஏற்காட்டு வளைவு ஞாபகம் வந்தது.

புது வீல் சிலிண்டர் இரண்டு, ஷூ செட் ஒன்று, ஸ்பிரிங் செட் ஒன்று வாங்கினேன். எல்லாம் சேர்த்து மாஸ்டர் சிலிண்டருக்குக் கொடுத்ததைவிடக் குறைவு. டிரம்மை லேத்தில் கொடுத்து அந்த வரப்பை மட்டும் எடுத்தேன். டிரம்மில் அச்சிட்டிருந்த அதிகபட்ச விட்டத்துக்குள்தான் இருக்கிறது, லேத்காரர் அளந்து காட்டினார். அட்ஜஸ்டரைப் பிரித்து, துருவைத் தேய்த்து எடுத்து, சூடு தாங்கும் கிரீஸ் மெல்லியதாகத் தடவிப் பூட்டினேன்.

அப்புறம் ஏர் எடுத்தோம். என் மனைவி பெடலில், நான் சக்கரத்தடியில். மீன்தொட்டிக் கடையில் வாங்கிய கண்ணாடி மாதிரி டியூபை, ஏர் வெளியே விடுகிற நிப்பிளில் மாட்டி, மறுமுனையைக் கொஞ்சம் ஆயில் ஊற்றிய பாட்டிலில் முக்கி வைத்தேன். "மிதி" என்றால் மிதித்து "பிடிச்சிருக்கேன்" என்று சொல்ல வேண்டும், நான் நிப்பிளை மூடி "விடு" என்று சொன்னால்தான் காலை எடுக்க வேண்டும் என்று பேசி வைத்துக்கொண்டோம். முதல் ஐந்தாறு மிதியில் டியூபில் கடுகு கடுகாகக் குமிழிகள் ஓடின. அப்புறம் தெளிவாகிவிட்டது.

இப்போது முதல் மிதியிலேயே பெடல் பாதிக்கு மேலே நிற்கிறது. ஹேண்ட் பிரேக் இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் ஒரே உயரம். ஆனால் அந்தப் பஞ்சு உணர்வு மட்டும் போகவில்லை. முன்சக்கரம் இரண்டிலும் ஏர் எடுத்துப் பார்த்தேன், ஒரு குமிழி கூட வரவில்லை. ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாற்றிப் பார்க்கலாமா?

மதுரை_பட்டறை

பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள். நல்ல வேலை.

ஹோஸுக்குப் போகும் முன் ஒன்று கேட்கிறேன். ஏர் எடுக்கும்போது பெடலைத் தரை வரைக்கும் மிதித்தீர்களா? உங்களுடையது புது மாஸ்டர் சிலிண்டர், அதனால் பிழைத்தீர்கள். பழையதாக இருந்தால் இத்தனை வருடம் கப் போகாத இடத்தில் துருவும் அழுக்கும் படிந்திருக்கும். தரை வரை மிதித்தால் கப் அதன்மேல் உரசிக் கிழியும். ஏர் எடுக்க வந்த வண்டி மாஸ்டர் சிலிண்டரும் போய்த் திரும்புவது இப்படித்தான். பெடலுக்கடியில் ஒரு மரக்கட்டை வைத்துவிட்டால் போதும்.

பஞ்சு உணர்வு என்றால் காற்று எங்கோ மாட்டியிருக்கிறது. முன்பக்கக் குமிழியே வரவில்லை என்பதுதான் எனக்கு இடிக்கிறது. காலிப்பரைப் பிரித்துப் பூட்டிய வண்டியில் முதல் தடவை கொஞ்சமாவது வந்திருக்க வேண்டும்.

ஓசூர்_டூல்ரூம்

சார், குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ஆரம்பத்திலிருந்து படித்துக்கொண்டு வருகிறேன். நீங்கள் முதல் பதிவில் எழுதிய ஒரு வரி எனக்கு உறுத்துகிறது: காலிப்பர் "இரண்டையும் கழற்றி" கிட் மாற்றினார்கள், அதற்குப் பிறகு பெடல் "முன்பைவிட மோசம்".

முன்சக்கரத்தைக் கழற்றி ஒன்று மட்டும் பாருங்கள். ஏர் எடுக்கிற நிப்பிள் காலிப்பரின் மேல்பக்கம் இருக்கிறதா, கீழ்ப்பக்கம் இருக்கிறதா?

காலிப்பர் இடது வலது என்று தனித்தனி. பார்க்க அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும், ஒன்று மற்றதன் கண்ணாடிப் பிம்பம். இரண்டையும் ஒரே தட்டில் போட்டுக் கழுவிவிட்டுப் பூட்டும்போது பக்கம் மாறினாலும் பல வண்டிகளில் போல்ட் சரியாகவே உட்காரும், பேடும் உட்காரும், பிரேக்கும் பிடிக்கும். வித்தியாசம் ஒன்றே ஒன்று, நிப்பிள் கீழே போய்விடும். வீட்டு மாடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியின் அடிக்குழாயைத் திறந்தால் தண்ணீர்தான் வரும், தொட்டியின் மேலே இருக்கிற காற்றா வரும்? அதே மாதிரிதான். நீங்கள் எத்தனை லிட்டர் ஆயில் ஊற்றி ஏர் எடுத்தாலும் சுத்தமான ஆயில்தான் வெளியே வரும். காற்று பிஸ்டனுக்கு மேலே அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

சேலம்_800

கீழே இருக்கிறது!!

இரண்டு பக்கமும் கீழே. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பட்டறையில் இரண்டு முறை ஏர் எடுத்தார்கள், நான் நேற்று ஒருமுறை எடுத்தேன், யாருக்கும் தோன்றவில்லை. மேடம், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

இப்போது இடம் மாற்றிப் பூட்டலாமா? ஹோஸைக் கழற்ற வேண்டி வருமே, எதைக் கவனிக்க வேண்டும்?

ஓசூர்_டூல்ரூம்

ஹோஸ் போல்ட்டின் இரண்டு பக்கமும் செம்பு வாஷர் இருக்கும். பழையதைத் திரும்பப் போடாதீர்கள், ஒருமுறை நசுங்கியது அடுத்த முறை சரியாக அடைக்காது. நாலு வாஷர் புதிது வாங்குங்கள். பூட்டிய பிறகு ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஹோஸ் முறுக்கிக்கொள்ளாமல், டயரில் உரசாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பேடு, டிஸ்க் மேல் ஆயில் படக் கூடாது. பெயிண்டில் பட்டால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், துடைத்தால் பெயிண்டும் சேர்ந்து வரும்.

ஆயில் புது டப்பாவாக வாங்குங்கள். நேற்று திறந்து வைத்த மிச்சம், பாட்டிலில் பிடித்தது எதுவும் வேண்டாம். டாட் 3 போடுகிற வண்டிக்கு டாட் 4 போடலாம். ஆனால் டாட் 5 என்று தனியாக விற்பது சிலிக்கோன் வகை, அது இதோடு கலக்கவே கூடாது. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். எந்தச் சக்கரத்தில் தொடங்குவது என்பதற்கு உங்கள் வண்டிக் கையேட்டில் உள்ள வரிசையைப் பின்பற்றுங்கள். ஏர் எடுக்கும்போது காலிப்பரை மரச்சுத்தியால் லேசாகத் தட்டிக்கொண்டே இருந்தால் ஓரத்தில் ஒட்டிய குமிழிகளும் கிளம்பி வரும்.

மதுரை_பட்டறை

அம்மா, நல்லா கண்டுபிடித்தீர்கள். எனக்கும் இது ஒரு பாடம். நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

தம்பி, ஏர் எடுத்து முடித்ததும் நேராக ரோட்டுக்குப் போகாதீர்கள். என்ஜினை நிறுத்திவிட்டு அந்த ஒரு நிமிடச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். அப்புறம் மிதித்த நிலையிலேயே என்ஜினை ஸ்டார்ட் பண்ணினால் பெடல் ஒரு அங்குலத்துக்கும் குறைவாக இறங்கும், அது பூஸ்டர் வேலை செய்வது, அதற்குப் பயப்பட வேண்டாம். ஆள் இல்லாத மைதானத்தில் 20 கி.மீ. வேகத்தில் நாலு தடவை, 40-இல் நாலு தடவை நிறுத்திப் பாருங்கள். முடிந்ததும் நாலு சக்கரத்துக்கும் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் அதிகச் சூடாக இருந்தால் அது பிடித்தபின் விடவில்லை.

ஹேண்ட் பிரேக் கேபிளைக் கடைசியாகத்தான் சரிசெய்ய வேண்டும். ஷூ தன் இடத்துக்கு வந்த பிறகு.

சேலம்_800

நேற்று சாயங்காலம் முடித்தேன். முடிந்த கையோடு எழுத முடியவில்லை, கை முழுக்க ஆயில்.

காலிப்பரைப் பக்கம் மாற்றி, புது செம்பு வாஷர் போட்டு, பெடலுக்கடியில் மரக்கட்டை வைத்து, மனைவியை உட்கார வைத்தேன். வலது முன்சக்கரத்தில் நிப்பிளைத் திறந்ததும் டியூபில் வந்தது குமிழி இல்லை, வெறும் காற்று. ஒரு சாண் நீளத்துக்கு டியூப் காலியாகவே ஓடியது, அப்புறம்தான் ஆயில் வந்தது. இடது பக்கமும் அதேபோல். மூன்றாவது மிதியில் உள்ளிருந்து மனைவி "இது வேற மாதிரி இருக்கு" என்று சொன்னாள். நான் எதுவும் சொல்லாமலே அவளுக்குக் காலில் தெரிந்துவிட்டது.

பெடல் இப்போது மூன்றில் ஒரு பங்குகூடப் போவதில்லை, அங்கேயே கெட்டியாக நின்றுவிடுகிறது. ஒரு நிமிடம் பிடித்தேன், இறங்கவில்லை. ஸ்டார்ட் பண்ணியதும் அண்ணா சொன்ன மாதிரி கொஞ்சம் இறங்கி நின்றது. பள்ளி மைதானத்தில் எட்டு தடவை நிறுத்திப் பார்த்தேன், நேராக நிற்கிறது, பக்கவாட்டில் இழுக்கவில்லை. இடது பின்சக்கரம் மட்டும் வலதைவிட லேசான சூடு, புது ஷூ இன்னும் பதியவில்லை என்று நினைக்கிறேன், கவனித்துக்கொள்கிறேன்.

கேபிளைக் கடைசியில் சரிசெய்தேன். இன்று காலை அப்பாவை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்தேன், வண்டி நின்ற இடத்திலேயேதான். பெடல் ரப்பரின் வலது ஓரம் அவர் செருப்புக்கு ஏற்ற மாதிரி தேய்ந்திருக்கும், காலை வைத்ததும் அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. இரண்டு தடவை மிதித்துப் பார்த்தார். பெடலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஹேண்ட் பிரேக்கை மெதுவாக இழுத்து எண்ணினார். ஐந்து.

எஃப்.சி. அடுத்த வாரம். 500 கி.மீ. ஓடியதும் பின் டிரம் இரண்டையும் திரும்பக் கழற்றி, சிலிண்டர் மூடி உலர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.